சிப்பத்தில் ஏறிய வயல்

படம் என்ன விலை என்று கேட்டு வரும் போனுக்கு நான் உடனே விலை சொல்வதில்லை. எதில் அச்சாகப் போகிறது, எத்தனை பிரதி, எந்த ஊர் வரை போகும், எவ்வளவு காலம் புழங்கும், இதே படம் வேறு யாரிடமும் இருக்கக்கூடாதா? இத்தனைக்கும் பதில் வந்த பிறகுதான் கணக்குப் போடுவேன். கேட்பவருக்கு எரிச்சல் வரும். "ஒரு ஃபைல்தானே சார், ரேட்டைச் சொல்லுங்க, மெயில்ல தட்டி விடுங்க" என்பார். துணிக்கடை மேனேஜர், மருத்துவமனை பி.ஆர்.ஓ., கோயம்புத்தூர் பம்ப் கம்பெனியின் மார்க்கெட்டிங் பையன், எல்லோரும் ஆரம்பிப்பது இப்படித்தான்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் போட்டோவுக்குக் காசு கொடுப்பது என்றால் கல்யாணத்துக்குக் கொடுப்பது, பாஸ்போர்ட்டுக்குக் கொடுப்பது. எடுத்துக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டோம், கணக்கு முடிந்தது. யாரும் கேட்காமல் என் செலவில் எடுத்து, வகை பிரித்து, ஹார்டு டிஸ்க்கில் சேர்த்து வைத்திருக்கும் படத்தை, தொழில் பாஷையில் ஸ்டாக் படத்தை, ஒரு கம்பெனி தன் வியாபாரத்துக்குக் கேட்பது வேறு விவகாரம். படம் என்னிடமே இருக்கும். இன்ன காரியத்துக்கு, இவ்வளவு காலம் போட்டுக்கொள்ளலாம் என்ற அனுமதியைத்தான் அவர் வாங்குகிறார். இதை விளக்க நான் கல்யாண மண்டபத்தைத்தான் இழுப்பேன். முகூர்த்த நாளுக்கு ஒரு வாடகை, சாதா நாளுக்கு ஒரு வாடகை, முந்தின நாள் சாயங்காலமே சாவி வேண்டும் என்றால் அதற்கு வேறு. மண்டபம் என்னவோ அதே மண்டபம்தான். இதைச் சொன்னதும் முக்கால்வாசிப் பேர் "சரி, ஒரு வருஷத்துக்கு எவ்வளவு?" என்று இறங்கி வந்துவிடுவார்கள்.

விலையை ஃபைல் சைஸோடு முடிச்சுப் போடும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. 24 மெகாபிக்சல் கேமராவில் வரும் 6000-க்கு 4000 பிக்சல் படத்தை 300 டிபிஐயில் அச்சடித்தால் 20 அங்குல அகலம் கிடைக்கும். பத்திரிகையின் நடுப்பக்கத்துக்கு அது தாராளம். நாற்பதடி ஹோர்டிங்குக்கும் அதே ஃபைல்தான். ரோட்டிலிருந்து பார்ப்பதற்கு அதை ஊதிப் பெருக்கினாலே போதும். ஹோர்டிங்காரருக்கு நான் ஒரு பிக்சல்கூட அதிகம் கொடுப்பதில்லை. ஆனால் அந்தப் படம் மூன்று மாதம் நாற்சந்தியில் நின்று அவருக்கு ஆள் சேர்க்கிறது. பல் டாக்டர் ஒருவர் தன் வரவேற்பறையில் மாட்ட வாங்கிய கொல்லிடக்கரைப் படத்துக்கு 3,000 ரூபாய் வாங்கினேன். அதே படத்தை ஒரு நிதி நிறுவனம் மாவட்டத்துக்கு மாவட்டம் ஹோர்டிங் வைக்கக் கேட்டபோது 75,000 வாங்கினேன். இரண்டுமே நியாயமான விலை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

ஃபிலிம் காலத்தின் கடைசியில் இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். அப்போது ஸ்டாக் என்றால் ஸ்லைடு. பிளாஸ்டிக் உறையில் வரிசையாகச் செருகி, மும்பையில் டினோடியா மாதிரி ஏஜென்சிகளுக்கு அனுப்புவார்கள். விற்றால் பாதி அவர்களுக்கு, பாதி எடுத்தவருக்கு என்பது அன்றைய வழக்கம். பிறகு இணையத்தில் படம் விற்கும் தளங்கள் வந்தன, 2000-இல் கனடாவில் ஐஸ்டாக்போட்டோ, 2003-இல் நியூயார்க்கில் ஷட்டர்ஸ்டாக். டாலரில் பேசிய தொழில் சென்ட்டுக்கு இறங்கியது. 2006-இல் பெரிய ஏஜென்சியான கெட்டி இமேஜஸ் 5 கோடி டாலர் கொடுத்து ஐஸ்டாக்கை வாங்கிப் போட்டது. பயன்பாட்டுக்குத் தக்கபடி விலை வைக்கும் 'ரைட்ஸ் மேனேஜ்டு' முறையை, விளம்பரத்துக்குப் போகும் கிரியேட்டிவ் படங்களில் கெட்டியே 2020-இல் கைவிட்டது. அதே வருடம் ஷட்டர்ஸ்டாக் மாற்றிய கட்டண முறையில், ஒரு படம் டவுன்லோடு ஆனால் எடுத்தவருக்குக் குறைந்தபட்சம் 10 சென்ட். அதை வைத்து காவிரி டெல்டாவில் ஒரு டீ குடிக்க முடியாது.

இந்த நிலையில் ஒரு கம்பெனி என்னைத் தேடி ஏன் வர வேண்டும்? அங்கே கிடைக்காதது என்னிடம் இருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது. கை குலுக்கும் கோட்டுக்காரர்கள், நுரை ததும்பும் காபிக் கோப்பை, கடலில் விழும் சூரியன், இதையெல்லாம் நேரடியாக விற்க நினைப்பது வெட்டி வேலை. கல்லணையில் மதகு தூக்கும் நாள், குறுவை நடவு, நாச்சியார்கோவில் பட்டறையில் குத்துவிளக்கு வார்ப்பது, நெல் கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய் போர்த்திய குவியல்கள். என் சரக்கு இது. ஒவ்வொன்றுக்கும் கீழே ஊர், தேதி, பயிர், ரகம், ஆள் இருந்தால் பெயர், அவரிடம் ஒப்புதல் வாங்கியாயிற்றா என்று எழுதி வைத்திருப்பேன். இந்தக் குறிப்பு எழுதும் வேலை படம் எடுப்பதைவிடச் சலிப்பானது. சம்பாதித்துக் கொடுப்பதும் அதுதான்.

காங்கேயம் பக்கத்து அரிசி ஆலை முதலாளி ஒருவரிடம் அதைக் கண்ணால் பார்த்தேன். சீரகச் சம்பாவை 5, 10, 25 கிலோ பைகளில் புது பிராண்டாக இறக்கப் போகிறார். திருப்பூர் டிசைனர் ஒருவர் என் கதிர்ப் படம் ஒன்றையும் நடவுப் படம் ஒன்றையும் வாட்டர்மார்க்கோடு லே-அவுட்டில் வைத்துக் காட்டியிருந்தார். நேரில் வரச் சொன்னார்கள், போனேன். மேசை மேல் எவர்சில்வர் தட்டுகளில் அரிசி, நெல் மாதிரிகள். முதலாளி லே-அவுட்டைப் பார்க்கவே இல்லை. "அந்தக் கதிரு படத்தப் பெருசாக்குங்க" என்றார். முழு அளவுக்கு இழுத்துக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"இது என்ன ரகமுங்க தம்பி?"

குறிப்பைத் திறந்தேன். சீரகச் சம்பா, ஒரத்தநாடு வட்டம், தை மாதம், வயல்காரர் பெயர், ஊர். படித்துக் காட்டினேன்.

"மணி குட்டையாத்தான் இருக்குது. சரி." தட்டிலிருந்து ஒரு நெல்லை எடுத்துத் திரையோரம் பிடித்துப் பார்த்தார். "மொத டிசைன்ல ஒரு படம் போட்டிருந்தாங்க. எங்கிருந்து எடுத்தாங்களோ, நீட்டு நெல்லு. அதப் போட்டுச் சீரகச் சம்பான்னு மண்டிக்கு அனுப்புனா, மண்டிக்காரன் பையப் பிரிக்காமயே சிரிப்பான்."

அந்த நிமிடத்தில் என் விலை ஏறிவிட்டது. அவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும், இருவரும் காட்டிக்கொள்ளவில்லை.

நாங்கள் பேசியது ஆனி மாதம். ஆவணியில் சரக்கு கடைக்குப் போக வேண்டும். ஆள் வைத்துப் புதிதாக எடுக்கலாம் என்றால், சம்பா கதிர் முற்ற மார்கழி, தை ஆகும். நேரடியாக விற்கும்போது நான் முதலில் எட்டிப் பார்ப்பது இந்த இடத்தைத்தான். என் படம் இல்லாவிட்டால் இவர் என்ன செய்வார், அதற்கு என்ன செலவாகும், எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? மலிவு ஸ்டாக் தளத்தில் இதே தரத்தில் இதே பொருள் கிடைக்கும் என்றால் என் விலைக்கு உச்சவரம்பு அங்கேயே முடிந்துவிடும். கிடைக்காது என்றால், போட்டோகிராபர், வண்டி, தங்கல், வயலில் நிற்பவர்களுக்குக் கூலி எல்லாம் சேர்த்து எடுக்க வைத்தால் ஆகும் தொகைதான் பேரத்தின் தரைமட்டம். காத்திருக்க முடியாத அவசரம் அதற்கு மேல் சேரும்.

இனி காலம். 25 கிலோ சிப்பம் என்பது பிஓபிபி என்ற பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டிய நெய்த பை. அந்த ஃபிலிமை க்ராவ்யூர் முறையில் அச்சடிக்கிறார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் பொறிக்க வேண்டும். பை அளவு மாறினால் சிலிண்டரும் மாறும். மூன்று அளவுக்கும் சேர்த்துப் பார்த்தால் அந்தச் செலவே என் பில்லைவிட அதிகம். ஒருமுறை பொறித்துவிட்டால் லேசில் மாற்ற மாட்டார்கள். மாற்றினால் கடைக்காரரும் வாங்குபவரும் பையை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்கள் என்ற பயம் வேறு. ஆகவே பேக்கிங்குக்கு ஒரு வருட லைசென்ஸ் என்பது இரண்டு பக்கமும் வம்பு. நான் அடுத்த வருடம் விலையை ஏற்றினால் அது அவர் கழுத்தில் கத்தி. ஏற்றாமல் விட்டால் என் படம் சல்லிக்காசில் பத்து வருடம் ஓடும். ஐந்து வருடம், முடிந்தபின் அச்சடித்து மிச்சமிருக்கும் பைகளைத் தீர்க்க ஆறு மாதம் என்று நானே முதலில் சொல்லிவிட்டேன். பிரதி எண்ணிக்கையை ஆலைக்காரரிடம் கேட்டால் சரியான பதில் வராது, வந்தாலும் சரிபார்க்க நமக்கு வழியில்லை. பேக்கிங்கில் நான் பிரதிக் கணக்கை விட்டுவிட்டு, எத்தனை பை அளவு, எத்தனை மாநிலம், எத்தனை வருடம் என்றே எழுதுவேன்.

பைகள், இணையதளம், ஹோர்டிங், புத்தாண்டு காலண்டர், தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஐந்து வருடம், உணவுப்பொருளில் வேறு யாருக்கும் தருவதில்லை என்ற உறுதி எல்லாம் சேர்த்து 1,40,000 என்றேன்.

"முப்பதுல முடிச்சுக்கலாமுங்க."

இந்த இடத்தில் பலர் எண்பது, அறுபது, ஐம்பது என்று படியிறங்குவார்கள். அப்படி இறங்கினால் முதலில் சொன்ன விலை வாய்க்கு வந்தது என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். விலையை மட்டும் தனியாகக் குறைப்பதில்லை. குறைக்கச் சொன்னால் அனுமதியில் ஒரு துண்டை வெட்டி எடுப்பேன். கர்நாடகத்தில் விற்கப் போகிறீர்களா? இப்போதைக்கு இல்லை. அதை எடுத்தாயிற்று. ஹோர்டிங் இந்த வருடம் உண்டா? பார்க்கலாம். எடுத்தாயிற்று, வேண்டும்போது தனியாகப் பேசிக்கொள்ளலாம். உணவுப்பொருள் முழுவதும் பூட்ட வேண்டுமா, அரிசி, அவல், மாவு போதுமா? போதும். இப்படிச் செதுக்கிக்கொண்டே வந்து 85,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி என்று நின்றது. அவருக்குத் தேவையில்லாதவற்றுக்கு அவர் பணம் கொடுக்கவில்லை. தேவைப்பட்டதற்கு நான் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை.

அந்தப் பூட்டு, அதாவது வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்ற உறுதி, வாய்ச்சொல்லாக இருக்க முடியாது. எந்தப் படம், யாருக்கு, எதற்கு, எந்தத் தேதி வரை என்று எண் வாரியாக ஒரு பதிவேடு வேண்டும். கதிர்ப் படத்தை ஏற்கெனவே ஒரு வேளாண் கருத்தரங்க மலரின் அட்டைக்குக் கொடுத்திருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். மலரும் அரிசிப் பையும் மோதாது என்று அவரே சொன்னார். ஸ்டாக் தளங்களில் ராயல்டி ஃப்ரீ என்று ஒருமுறை ஏற்றிய படத்துக்கு இந்த உறுதியைத் தரவே முடியாது. யார் வாங்கினார்கள், எதில் போட்டார்கள் என்று அங்கே நமக்குத் தெரியாது; தளத்திலிருந்து நீக்கினாலும் வாங்கியவர்களின் உரிமை நீங்காது. இரண்டு சரக்கையும் முதல் நாளிலிருந்தே தனித்தனியாக வைத்திருக்க வேண்டும் என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். கேட்பவர்கள் குறைவு.

நடவுப் படத்தில் வேறு சிக்கல். பையின் பின்பக்கத்துக்கு, ஒரு பெண் நிமிர்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் ஃப்ரேமை ஆலைக்காரர் கேட்டார். நல்ல படம்தான். ஆனால் ஒப்புதல் கையெழுத்து இல்லாத முகத்தை வியாபாரத்துக்கு நான் தருவதில்லை. ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று உச்சநீதிமன்றம் 1994-லேயே சொல்லியிருக்கிறது. அது சொல்லப்பட்டது நம் ஊர் வழக்கில்தான், கொலைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாறு தொடர்பாக நக்கீரன் பத்திரிகையின் கோபால் தொடுத்த வழக்கில். பத்திரிகைக் கட்டுரையில் அதே முகம் வந்தால் அது செய்தி. அரிசிப் பையில் வந்தால் அந்த அம்மா அந்த அரிசிக்குச் சிபாரிசு செய்வதாக ஆகிவிடும். ஆலைக்காரருக்கு இரண்டு வழி கொடுத்தேன். எல்லோரும் குனிந்து முகம் மறைந்திருக்கும் ஃப்ரேம் உடனே கிடைக்கும். முகம்தான் வேண்டும் என்றால் ஊருக்குப் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும், அந்த அம்மாவுக்குத் தனியாகப் பணம், அதுவும் ஆலைக்காரர் கணக்கில். குனிந்த ஃப்ரேமுக்குப் போனார். என் ஒப்புதல் படிவம் தமிழில் ஒரு பக்கம். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்கு நானே உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் நீட்டுவேன். "பையில, பேப்பர்ல, போர்டுல உங்க படம் வரும், சம்மதமா?" என்று கேட்டால் அவர்களுக்குப் புரியாதது எதுவும் இல்லை.

சிவகாசி காலண்டர்காரர்களிடம் இந்த லைசென்ஸ் விளக்கமெல்லாம் தேவைப்படாது. தினசரி காலண்டர் தொழிலே ஒரே படத்தைப் பல பேருக்கு விற்பதில்தான் நிற்கிறது. ஆடிப் பதினெட்டில் அடுத்த வருட ஆல்பம் வெளியாகும். ஒரே டிசைன் நம்பரை விருதுநகர் மளிகைக்கடையும் தேர்வு செய்யும், வேலூர் ஹார்டுவேர் கடையும் தேர்வு செய்யும், படத்துக்குக் கீழே கடைப் பெயர் மட்டும் மாறும். "இந்த டிசைனுக்கு எத்தனை வருஷம் அண்ணாச்சி?" என்றால் நேரடியாகப் பதில் வரும். விலை குறைவு, ஆனால் தொந்தரவு இல்லை. ஒரே ஒரு இழுபறி, நன்றாகப் போன டிசைனை அவர்கள் அடுத்த ஆல்பத்திலும் அதற்கடுத்த ஆல்பத்திலும் வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். இரண்டு காலண்டர் வருடம் என்று எழுதி, மூன்றாவது வருடத்துக்குப் பாதி விலை என்று முன்கூட்டியே போட்டுவிட்டால் சண்டை வராது.

கம்பெனிகளில் சண்டை வருவது பெரும்பாலும் காகிதத்தில். நம் கொட்டேஷனில் ஐந்து வருடம், இன்ன பயன்பாடு என்று தெளிவாக இருக்கும். பதிலுக்கு அவர்கள் அனுப்பும் பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், சப்ளை செய்யப்படும் பொருளின் அறிவுசார் சொத்துரிமை முழுவதும் கம்பெனியைச் சேரும் என்று அச்சாகியிருக்கும். போல்ட், நட்டு, பேக்கிங் பெட்டி வாங்கவும் அதே படிவம்தான். யாரும் சதி செய்யவில்லை. பர்ச்சேஸ் துறைக்கு வேறு படிவம் கிடையாது. அதில் அப்படியே கையெழுத்துப் போட்டால் நம் கொட்டேஷன் செத்துப்போகும். அந்த ஷரத்தை அடித்து, பக்கத்தில் "லைசென்ஸ் விதிமுறை இன்ன எண் கொட்டேஷன்படி" என்று எழுதி, இருபக்கமும் சுருக்கொப்பம் வாங்கிய பிறகுதான் பெரிய ஃபைலை அனுப்புவேன். லைசென்ஸின் முக்கிய வரிகளை இன்வாய்ஸிலேயே எழுதிவிடுவேன். தனி ஒப்பந்தத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை. இன்வாய்ஸை அக்கவுண்ட்ஸ், ஆடிட்டர் என்று நாலு பேர் பார்ப்பார்கள். 'போட்டோ – 1' என்று மொட்டையாக எழுதிய இன்வாய்ஸ், படத்தையே விற்றுவிட்டதாக வாதாட எதிராளிக்கு நாமே கொடுக்கும் ஆதாரம். முழுப் பணமும் வந்த பிறகே அனுமதி செல்லும் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும்.

சட்டம் இதில் நமக்கு ஓரளவு துணை, ஓரளவு கண்ணி. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவரே ஆசிரியர். பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. 2012 திருத்தத்துக்குப் பிறகு போட்டோவுக்கும் எடுத்தவரின் ஆயுளும் அதன்பின் 60 வருடமும் பாதுகாப்பு. கண்ணி 17-ஆம் பிரிவில். ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து எடுக்க வைத்த போட்டோவுக்கு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவரே முதல் உரிமையாளர். என் ஸ்டாக் படங்கள் யாரும் சொல்லி எடுத்தவை அல்ல என்பதால் தப்பிக்கின்றன. ஆனால் "அப்படியே ஆலைக்கு உள்ளேயும் நாலு படம் எடுத்துக் குடுங்க தம்பி" என்று அதே ஆலைக்காரர் கேட்டால், அந்த நாலும் எழுத்தில் ஒன்றும் இல்லாதபோது அவருடையவை. இன்னொன்று: லைசென்ஸில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். வாய்க்கணக்கில் விடுபவர்களுக்காக யாரோ கவலைப்பட்டு வைத்த வரி.

"லைஃப்டைமா குடுத்துடுங்க" என்பது அடிக்கடி வரும் கோரிக்கை. கொடுக்கக் கூடாது என்பதில்லை. சார்லஸ் ஓ'ரியர் என்ற போட்டோகிராபர் 1996-இல் கலிபோர்னியாவின் சொனோமா பகுதியில் எடுத்த பச்சைக் குன்று ஏஜென்சியில் கிடந்த ஸ்டாக் படம்தான். மைக்ரோசாஃப்ட் அதன் முழு உரிமையையும் வாங்கி விண்டோஸ் எக்ஸ்பியின் முகப்பாக்கியது; விலையை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம். அப்படி ஒரு விலை வந்தால் நானும் கொடுப்பேன். காங்கேயம், ஈரோடு, சென்னை கம்பெனிகள் லைஃப்டைம் என்று சொல்லும்போது அவர்கள் மனதில் இருப்பது "திரும்பத் திரும்பப் பணம் கேட்டு வராதே" என்பது மட்டும். பத்து வருடம், மேற்கொண்டு புதுப்பிக்க இன்ன தொகை என்று இன்றைக்கே எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடுவார்கள்.

பணம் வரும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்லித் தருவதில்லை. வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பதிப்புரிமையைப் பயன்படுத்த அனுமதிப்பதற்கு 18 சதவீதம். கம்பெனி ராயல்டி என்று 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும். கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம். சிறு நிறுவனங்களுக்கான உதயம் பதிவு வைத்துக்கொண்டு அந்த எண்ணை இன்வாய்ஸில் போடுவது நல்லது. சிறு நிறுவனத்துக்கான பணத்தை 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னபோது யாரும் சட்டை செய்யவில்லை. உரிய நாளுக்குள் கொடுக்காத தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரியில் பிறகு ஒரு கிடுக்கி போட்டார்கள். அதிலிருந்து மார்ச் மாதத்தில் அக்கவுண்ட்ஸிலிருந்து அவர்களே போன் செய்கிறார்கள்.

அனுமதி தாண்டிப் போடுவது அடிக்கடி நடக்கும். இணையதளத்துக்கு மட்டும் வாங்கிய ஒரு ஹோட்டல், பெயர் வேண்டாம், அதே படத்தை பஸ் பின்பக்கத்தில் ஒட்டி மூன்று ஊருக்கு ஓடவிட்டது. திருட்டு என்று கத்தினால் வக்கீல் நோட்டீஸில் போய் நிற்கும். வாடிக்கையாளரும் போவார், பணமும் வராது. பஸ்ஸைப் படமெடுத்து, "தங்கள் விளம்பரத்தில் எங்கள் படம் நன்றாக வந்திருக்கிறது, பஸ் விளம்பரத்துக்கான கூடுதல் லைசென்ஸ் இன்வாய்ஸ் இணைப்பில்" என்று அனுப்பினேன். தொகை வழக்கமானதைவிட ஒன்றரை மடங்கு. இரண்டு முறை நினைவூட்டிய பின் கொடுத்தார்கள். பெரும்பாலும் நடப்பது, மார்க்கெட்டிங்கில் இருந்த ஆள் மாறிவிடுவார். புதியவர் கம்பெனி ஃபோல்டரில் கிடப்பது எல்லாம் கம்பெனிப் படம் என்று எடுத்துப் போடுவார். அதற்காகவே ஃபைல் பெயரிலேயே லைசென்ஸ் எண்ணும் முடிவுத் தேதியும் வைத்து அனுப்புகிறேன். படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் ஐபிடிசி குறிப்பிலும் உரிமையாளர் பெயரும் அனுமதி பெறும் முகவரியும் எழுதுவேன். 2020-லிருந்து கூகுள் படத்தேடலும் அந்தக் குறிப்பைப் படித்து, லைசென்ஸ் வாங்கக்கூடிய படம் என்று முத்திரை காட்டுகிறது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் குறிப்பு எல்லாம் உதிர்ந்துவிடும். நம் ஊர் டிசைனர்கள் வாட்ஸ்அப்பை விடமாட்டார்கள். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

இந்தப் பட்டியலில் புதிதாகச் சேர்ந்திருப்பது ஏஐ. தன் படங்களை அனுமதியின்றிப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டதாக ஸ்டெபிலிட்டி ஏஐ மீது கெட்டி 2023-இல் லண்டனில் வழக்குப் போட்டது. ஷட்டர்ஸ்டாக் ஓப்பன்ஏஐயோடு ஒப்பந்தமே போட்டுக்கொண்டது. நான் என் இன்வாய்ஸில் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். ஏஐ பயிற்சிக்குக் கொடுக்கக் கூடாது என்பது ஒன்று. வெட்டலாம், நிறம் திருத்தலாம், எழுத்து வைக்கலாம், படத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது என்பது இன்னொன்று. பயிற்சி வரியை யாரும் கண்டுகொள்வதில்லை. சேர்க்கக் கூடாது என்ற வரிக்குத்தான் உடனே வேலை வந்தது.

அந்தக் காங்கேயம் அரிசி ஆலையை இப்போது பார்த்துக்கொள்வது முதலாளியின் மகன். லைசென்ஸைப் புதுப்பித்தபோது, பை அளவு மாறுவதால் குனிந்த நடவுப் படம் அகலம் போதவில்லை என்று டிசைனரை விட்டு ஏஐ கருவியில் இரண்டு பக்கமும் நீட்டி அனுப்பியிருந்தார். முதல் பார்வைக்குக் குறையே தெரியாது. பெரிதாக்கிப் பார்த்தால் வலது ஓரத்தில் புதிதாக முளைத்திருந்த பெண்ணின் கையில் நாற்று முடிச்சுக்குப் பதில் முற்றிய கதிர். நடவு வயலில் கதிர்! போன் செய்து சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்பா கண்ணுல பட்டிருந்தா தொலைச்சிருப்பாருங்கண்ணா" என்றார். அந்த நடவுப் படம் எடுத்த அன்று அதே வரப்பில் நின்று அகல லென்ஸில் எடுத்த ஃப்ரேமும் பெட்டியில் இருந்தது. தேடி எடுத்து அனுப்பினேன். அதற்குத் தனி எண், தனி இன்வாய்ஸ்.